தண்ணீருக்கும் அளவு உண்டு

முழங்கால் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, காயம் முழுவதும் ஆறிய ஏழாவது வாரத்தில் இயன்முறை மருத்துவர் என்னை ஒரு வெந்நீர்க் குளத்தின் படிகளில் இறக்கினார். அதுவரை ஊன்றுகோல் இல்லாமல் இடது காலைத் தரையில் வைக்க எனக்குத் துணிவு வந்ததில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். தண்ணீர் தொடை வரை வந்தது, இடுப்பு வரை வந்தது, கடைசிப் படியில் மார்புவரை ஏறி நின்றது. இடது காலை மட்டும் ஊன்றி நிற்கும்படி அவர் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றினேன். வலி இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஏழு வாரங்களாக என்னுடையது போலவே இல்லாதிருந்த ஒரு கால், தண்ணீருக்குள் என்னைத் தாங்கிக்கொண்டு நின்றது.

அந்த அரை மணி நேரத்தில் என் முழங்காலைவிட அதிகமாக அவர் கவனித்தவை சுவரில் இருந்த வெப்பமானியும் கடிகாரமும்தான். வெப்பமானி 34 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஏன் இவ்வளவு முறை அதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “மாத்திரைச் சீட்டில் மில்லிகிராம் எழுதுகிறோம் அல்லவா, இங்கே எங்களுக்கு மில்லிகிராம் அதுதான், எத்தனை டிகிரி, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம்” என்றார். நீர் சிகிச்சை பற்றி அதன்பின் நான் தேடிப் படித்தவை, வீட்டில் செய்து பார்த்தவை, ஒரு முறை பெரிதாகத் தவறியது, எல்லாமே அவர் சொன்ன அந்த மூன்று அளவுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆழத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் நினைத்துப் பார்க்காதது அதுதான். இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு உடல் எடையில் ஏறத்தாழ பாதிதான் கால்களில் இறங்குகிறது. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு. 72 கிலோ எடையுள்ள நான் அன்று மார்பளவு நீரில் ஒற்றைக் காலில் நின்றபோது அந்த முழங்கால் சுமந்தது 25 கிலோவுக்கும் குறைவு. வாரங்கள் செல்லச் செல்ல அவர் என்னை ஆழம் குறைந்த பகுதிக்கு நகர்த்தினார். அதாவது ஒவ்வொரு வாரமும் என் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே திருப்பிக் கொடுத்தார். தரையில் இவ்வளவு நுட்பமாகச் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் வழியே இல்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு நீருக்குள் செய்யும் பயிற்சி வலியைக் குறைக்கிறது என்பதற்குத் தரமான ஆய்வுகள் உள்ளன. அந்த நன்மை சிறிய அளவினது, பயிற்சியைத் தொடர்ந்தால்தான் நிற்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பின்னாளில் வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதை இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறது. 1921-இல், 39-ஆம் வயதில், அவருடைய இரு கால்களும் செயலிழந்தன; போலியோ என்று மருத்துவர்கள் கண்டார்கள். 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குச் சென்ற அவர், 31 டிகிரி அளவில் இயற்கையாகவே ஊறிவரும் அந்த நீருக்குள் நிற்கவும் கால்களை அசைக்கவும் முடிந்ததைக் கண்டு, 1926-இல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கி, போலியோவால் பாதிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வு மையமாக ஆக்கினார். தாங்குகருவி இல்லாமல் தரையில் நடக்க அவரால் கடைசிவரை முடியவில்லை. இறந்துபோன நரம்புச் செல்களை எந்த ஊற்றும் மீட்டுத் தருவதில்லை. எஞ்சியிருந்த தசைகளுக்கு அந்த நீர் வேலை கொடுத்தது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாத எந்த நீர் சிகிச்சை நிலையத்தையும் நான் நம்புவதில்லை.

ஆழத்தோடு வருவது அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் நம் தோலின் மேல் கூடுதலாகச் செலுத்தும் அழுத்தம், இரத்த அழுத்தத்தை அளக்கும் அதே பாதரச அளவில், சுமார் 74 மில்லிமீட்டர். காலுறை இறுக்கிப் பிடிப்பதுபோல அது கணுக்காலிலும் ஆடுசதையிலும் தேங்கிய நீரை மேலே தள்ளுகிறது. வீங்கிய பாதத்தோடு குளத்தில் இறங்கி, எலும்பின் விளிம்பு தெரியும் பாதத்தோடு நான் ஏறிவந்த நாள்கள் உண்டு. கழுத்துவரை மூழ்கியவருக்குக் கால்களிலிருந்தும் வயிற்றுப் பகுதியிலிருந்தும் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் இரத்தம் மார்புக்கூட்டுக்குள் நகர்கிறது. இதயத்தின் அறைகள் விரிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று உடல் எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகங்கள் அதிக நீரை வெளியேற்றத் தொடங்குகின்றன. நீண்ட நேரம் தொட்டியில் கிடந்தால் சிறுநீர் முட்டிக்கொண்டு வருவதன் காரணம் இதுதான். இதயம் பலவீனமாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கழுத்தளவு நீரில் அமரக் கூடாது என்பதன் காரணமும் இதுவேதான்.

இந்த ஒரு செய்தி, மருத்துவ வரலாற்றின் ஒரு பழைய புதிருக்கு விடை தந்தது என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் 46 டிகிரி வெப்பத்தில் ஊற்றெடுக்கும் நீரைக் கொண்டு சிகிச்சை தர, 18-ஆம் நூற்றாண்டில் ஒரு மருத்துவமனையே கட்டினார்கள். வண்ணம் பூசுபவர்கள், குழாய் வேலை செய்பவர்கள் போன்ற ஈயத்தோடு புழங்கிய தொழிலாளர்கள் கை கால் விளங்காமல் அங்கே வந்தார்கள். ஈய நச்சினால் வந்த வாதம் அது. அவர்களில் கணிசமானோர் தேறிச் சென்றதாக மருத்துவமனைப் பதிவேடுகள் சொல்லின. நீரில் கரைந்த தாதுக்கள்தான் குணப்படுத்தின என்று ஒரு சாரார் நம்பினர். எல்லாம் வெறும் கதை என்று மறுசாரார் ஒதுக்கினர். 1980-களில் நடந்த ஆய்வு ஒன்றில் மனிதர்களைக் கழுத்தளவு நீரில் அமர்த்திச் சிறுநீரைப் பரிசோதித்தபோது, வெளியேறும் ஈயத்தின் அளவு கூடியிருந்தது. ஊற்று நீரின் தாதுவுக்கு அதில் வேலை இல்லை. சாதாரணத் தண்ணீரின் அழுத்தமே சிறுநீரகத்தைத் தூண்டியிருந்தது. மருத்துவமனையில் இருந்த மாதங்களில் அவர்கள் ஈயத்தைத் தொடாமல் இருந்ததற்கும் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது, பாதத்தின் வழியே உடலின் நச்சை எல்லாம் இழுத்துவிடுவதாகச் சொல்லி விற்கப்படும் மின்சாரத் தொட்டிகளை. உப்புக் கலந்த நீரில் கால்களை வைத்து மின்சாரம் பாய்ச்சியதும் நீர் பழுப்பாகிறது. வெளியேறிய நச்சு என்று அதைக் காட்டுகிறார்கள். தொட்டிக்குள் இருக்கும் உலோகத் தகடு அரித்துத் துருவாகக் கலப்பதால் வரும் நிறம் அது. கால்களே இல்லாமல் இயக்கினாலும் நீர் அதே போலப் பழுப்பாகும். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. நோயாளியின் அச்சத்தின் மேல் நடக்கும் இந்த வணிகம் எனக்குக் கோபமூட்டுகிறது, ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் பிறகு நல்ல நீர் சிகிச்சையையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

அடுத்தது வெப்பம். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. 25 டிகிரி காற்றில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர், அதே 25 டிகிரி நீரில் சிறிது நேரத்தில் நடுங்கத் தொடங்குவார். அசையாமல் கிடப்பவருக்குச் சூடாகவும் இல்லாமல் குளிராகவும் இல்லாமல் இருக்கும் நிலை 34, 35 டிகிரியை ஒட்டி வருகிறது. என் பயிற்சிக் குளம் 34-இல் இருந்ததன் பொருள் பிறகுதான் விளங்கியது. 37 முதல் 39 வரை இதமான வெந்நீர். தசை தளர்வதற்கு இது போதும். 40 முதல் 42 வரை சூடான நீர். நிமிடக் கணக்கு பார்க்க வேண்டிய எல்லை இங்கே தொடங்குகிறது. அதற்கு மேல் வீட்டில் எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 60 டிகிரி நீர் பெரியவர்களின் தோலைக்கூடச் சுமார் ஐந்து நொடிகளில் ஆழமாகப் பொசுக்கிவிடும். குழந்தைகளின் தோலுக்கும் முதியவர்களின் தோலுக்கும் அந்த ஐந்து நொடிகள்கூட வேண்டாம். கை பொறுக்கும் சூடு என்று நாம் சொல்வது அளவே ஆகாது. வேலை செய்து காய்த்துப்போன கை பொறுக்கும் சூட்டை இடுப்பும் வயிறும் பொறுப்பதில்லை. பத்து விரல்களை நம்புவதைவிட ஒரு வெப்பமானியை வாங்கி வைப்பது நல்லது.

இந்த அளவு என்ற எண்ணம் ஒரே நாளில் வந்ததில்லை. இன்று செக் நாட்டில் உள்ள கிராஃபென்பெர்க் என்ற மலையூரில் 1799-இல் பிறந்த வின்சென்ட்ஸ் பிரீஸ்னிட்ஸ் ஓர் உழவர் மகன். இளம் வயதில் உடலின் மேல் வண்டி ஏறி விலா எலும்புகள் நொறுங்கியபோது ஈரத்துணிக் கட்டுகளால் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டவர் என்பார்கள். அவரைத் தேடி ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்த காலம் உண்டு. நோயாளியைப் போர்வைகளில் சுற்றி வியர்க்க வைத்து, அப்படியே பனிபோன்ற நீரில் இறக்குவது அவர் முறை. மலையருவி உயரத்திலிருந்து உடலின் மேல் கொட்டும்படியும் நிற்க வைப்பார். உடல் திடமுள்ளவர்கள் தாங்கினார்கள். அவருக்குப் பின் வந்த செபாஸ்டியன் நைப் என்ற பவேரியப் பாதிரியார், மாணவப் பருவத்தில் காசநோயோடு போராடியபோது டான்யூப் ஆற்றின் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் மட்டும் மூழ்கி எழுந்து, ஓடிச் சென்று உடலைச் சூடாக்கிக்கொண்டவர். பூவாளியால் முழங்கால்வரை நீர் ஊற்றுவது, ஈரப் புல்லில் நடப்பது என்று மென்மையான முறைகளை அவர் வகுத்தார். குளிர்ந்த உடலின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றவே கூடாது, முதலில் உடல் சூடாக இருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. தொடக்கத்தில் கடுமையாக இருந்த தம் முறையைப் போகப் போக மென்மையாக்கிக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். ஒரு வைத்தியர் தம் அனுபவத்தால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார் என்பதை அவருடைய பெருமையாகவே நான் கருதுகிறேன்.

காந்தியின் வாழ்க்கையிலும் இந்த அளவு வருகிறது. 1902-இல் பம்பாயில் அவருடைய மகன் மணிலாலுக்கு டைபாய்டும் நிமோனியாவும் சேர்ந்து கண்டு, காய்ச்சல் 104 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறியது. ஜெர்மானியரான லூயி கூனே சொன்ன இடுப்புக் குளியலைக் காந்தி மகனுக்குக் கொடுத்தார். ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் தொட்டியில் வைக்கவில்லை என்று அவரே தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். காய்ச்சல் இறங்காத ஓர் இரவில் துணியை நனைத்துப் பிழிந்து, தலையை மட்டும் வெளியே விட்டு உடல் முழுவதும் சுற்றி, மேலே கம்பளிகளைப் போர்த்தினார். வியர்த்துக் காய்ச்சல் தணிந்தது. அந்தப் பகுதியில் என்னை நிறுத்திய வரி ஒன்று உண்டு. மகன் பிழைத்தது இறையருளாலா, நீர் சிகிச்சையாலா, பத்தியத்தாலும் பணிவிடையாலுமா என்று யாரால் சொல்ல முடியும் என்ற பொருளில் அவர் எழுதுகிறார். டைபாய்டுக்கு நேரடி மருந்து இல்லாத காலம் அது. இன்று அந்த நோய்க்கு நுண்ணுயிர்க் கொல்லி மருந்து இருக்கும்போது தண்ணீரை மட்டும் நம்பி வீட்டில் வைத்திருப்பது பெரிய தவறு.

வீட்டில் பயன்படும் முறைகள் உண்மையில் எளியவை. மூலமோ ஆசனவாய் வெடிப்போ உள்ளவர்களை வெந்நீரில் உட்காரச் சொல்கிறார்கள் அல்லவா, அது இடுப்பு மூழ்கும் அளவு இதமான வெந்நீரில் 10 முதல் 15 நிமிடம். இறுகிக் கிடக்கும் சுருக்குத் தசை அந்த வெப்பத்தில் தளர்வதால் வலி குறைகிறது. நீரில் எதையும் கலக்க வேண்டியதில்லை. எழுந்தபின் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். கணுக்கால் பிசகிய முதல் நாளில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் கூடும். துணியில் சுற்றிய குளிர் ஒத்தடமே, அதுவும் ஒரு தடவைக்கு 20 நிமிடத்துக்கு மிகாமல், கொடுக்க வேண்டும். சூடு பட்ட இடத்தில் ஓடும் குழாய் நீரை 20 நிமிடம் விட வேண்டும்; பனிக்கட்டி கூடாது, பற்பசை கூடாது. தூக்கம் வராதவர்களுக்கு, படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு 40 டிகிரியை ஒட்டிய நீரில் பத்து நிமிடக் குளியல் உதவுகிறது. உள்ளங்கை உள்ளங்கால்களில் இரத்த நாளங்கள் விரிந்து உடலின் உள்வெப்பம் வெளியே போகிறது. அது இறங்கும் நேரத்தில் தூக்கம் வருகிறது. படுக்கப் போகும் நிமிடத்தில் சூடாகக் குளித்தால் உள்வெப்பம் இறங்குவதற்கு நேரமே இருக்காது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் உடலின் உள்வெப்பத்தை 39 டிகிரிக்கு மேல் ஏற்றும் சூடான தொட்டிக் குளியலும் நீராவிக் குளியலும் குழந்தைக்கு ஆகாது.

குளிர்நீர்த் தொட்டியில் இறங்குவது இப்போது பரவலாகி வருவதால் ஒரு வார்த்தை. 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று இறங்கியதும் மூச்சு தானாகவே திணறி உள்ளிழுக்கும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். முதல் அரை நிமிடம் உச்சம், இரண்டு மூன்று நிமிடங்களில் தணியும். தலை நீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். கடும் உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியைக் குளிர்நீர் குறைக்கிறது என்பது உண்மை. தசையை வளர்க்கப் பளு தூக்குபவர்கள் ஒவ்வொரு முறையும் உடனே குளிர்நீரில் அமர்ந்தால் அந்த வளர்ச்சியே குறைகிறது என்பதும் உண்மை. வெப்பத் தாக்குதலால் சுருண்டு விழுந்த ஓட்டக்காரரை மட்டும் தயங்காமல் குளிர்நீரில் அமிழ்த்த வேண்டும், தலையை வெளியே தாங்கிக்கொண்டு, மருத்துவ உதவி வந்துகொண்டிருக்கும்போதே. அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

என் தவற்றையும் இங்கே எழுதியாக வேண்டும். குளத்தில் கால் தேறிய மகிழ்ச்சியில், பாதம் மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பாவுக்கு இரவில் வெந்நீரில் கால் வைக்கச் சொன்னவன் நான்தான். அவருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஒரு நாள் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவரே நீரைச் சூடாக்கி, வாளியில் கால்களை வைத்துப் பார்த்தார். சூடு தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். மரத்த பாதத்தையே அவர் வெப்பமானியாகப் பயன்படுத்திவிட்டார். மறுநாள் காலையில் செருப்புக்குள் ஈரமாக இருக்கிறதே என்று அவர் என்னை அழைத்தபோது, வலது கால் பெருவிரலின் கீழே கொப்புளம் உடைந்து, தோல் ஈரக் காகிதம்போல உரிந்து மடிந்திருந்தது. அவர் முகத்தில் வலியே இல்லை. அதுதான் என்னை அதிகமாகக் கலங்கவைத்தது. அந்தப் புண் ஆற ஒன்பது வாரங்கள் ஆயின. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று கட்டு மாற்றும் ஒவ்வொரு நாளும் அஞ்சினேன். அளவு என்று குளக்கரையில் நான் கற்றது எனக்கான அளவு. அதை இன்னோர் உடலுக்கு அப்படியே எடுத்துக் கொடுத்தேன். நரம்பு மரத்தவர்கள் பாதங்களை நீரில் ஊற வைக்கவே கூடாது, தோல் ஊறி மென்மையாகி எளிதில் வெடிக்கும் என்பதை மருத்துவமனையில் செவிலியர் எனக்குச் சொல்லித் தந்தார்.

இப்போது இரவு உணவுக்குப் பிறகு நான் நீரை எடுத்து வைத்து, வெப்பமானியை விட்டு, எண்ணைச் சத்தமாகச் சொல்கிறேன். 35-ஐத் தாண்டினால் பச்சைத் தண்ணீர் ஊற்றுவேன். அப்பாவின் பாதங்களை ஊற விடுவதில்லை. கழுவி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மெல்லிய துண்டால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி, விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறேன். பெருவிரலின் கீழே அந்த இடம் மட்டும் சற்று வெளுத்து, வழவழப்பாக இருக்கிறது. “சூடு சரியா இருந்ததா?” என்று அவர்தான் என்னைக் கேட்கிறார்.